இரு பக்கமும் மூக்குத்தி

சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே குண்டை மனுஷர் மூஞ்சிக்கு நேராகப் பிடிக்கிற ஒரு பெண்மணி எங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தார். ஆட்களை உட்கார வைத்து உருவப்படம் எழுதுவது அவர் தொழில். பஜாரில் ஒரு பழைய கோடவுனின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். படி ஏறும்போது சுக்கு வாசனை வரும், ஏறி முடித்தால் வண்ணம் குழைக்கிற லின்சீட் எண்ணெய் வாசனை. தமிழர்கள் நாங்கள் அக்கா என்றோம், மலையாளிகள் சேச்சி என்றார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே அதை எழுதப் போவதில்லை.

கோடவுனுக்குக் கீழே நாசர் இக்காவின் சாயாக்கடை. கடை திறந்து இருபத்தைந்து வருஷம் ஆன சந்தோஷத்தில் தன் படத்தை எழுதி மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அக்கா அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். நெற்றிக்கு நேராக நூலைத் தொங்கவிட்டார், ஒற்றைக் கண்ணை மூடினார், உங்கள் மூக்கு வலது பக்கம் போகிறது என்று சொல்லிவிட்டார். இக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த அவர் மனைவி, நிக்காஹ் அன்றைக்கே எனக்குத் தெரியும், மனசு நோகுமே என்று சொல்லவில்லை என்றாராம். இந்தக் கதையை இக்காவே கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார்.

எங்கள் வீடு அதற்கு அடுத்த சந்து. தாத்தா பாலக்காட்டிலிருந்து ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுத வந்து இங்கேயே தங்கிவிட்டார். எனக்குத் தமிழ் பேச வரும், எழுதினால் பாதியில் மலையாள எழுத்து வந்து உட்காரும். இதை எழுதவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு விடுவிக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் அப்போது நான் வேலையில் இருந்தேன். சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயில் விட்ட தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. முகவாதம். மாத்திரையும் உடற்பயிற்சியுமாகக் கண் மூட வந்தது, சாப்பிட வந்தது, பேச்சும் திருந்தியது. இடது பக்க உதடு மட்டும் திரும்பி வரவில்லை. நான் சிரித்தால் வலது பாதி சிரிக்கும், இடது பாதி எனக்கென்ன என்று இருக்கும்.

அதன்பிறகு ஊரார் இரண்டு கட்சி. ஒரு கட்சி என்னோடு பேசும்போது என் காதைப் பார்க்கும், தோளைப் பார்க்கும், வாயை மட்டும் பார்க்காது. இன்னொரு கட்சி வைத்தியம் சொல்லும். நான் கோபக்காரி. இரண்டு கட்சியும் எனக்கு ஆகாது.

அக்காவை முதலில் நாசர் இக்கா கடையில்தான் சந்தித்தேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சாயாவை ஊதிக்கொண்டே என் வாயை நேராகப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, இடது பக்கம் எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார். மழை எப்போது நின்றது என்று கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் யாராவது இதை இப்படிக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தோல் உரித்த முகத்தின் படம். காதுக்குக் கீழிருந்து ஒரு நரம்பு புறப்பட்டு, விசிறி மாதிரி பிரிந்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் உதட்டுக்கும் போகிறது. அந்தக் காலத்தில் உருவப்படம் எழுதுகிறவர்களே பிணத்தை அறுத்துப் பார்த்து, உதட்டை இழுப்பது எந்தச் சதை என்று கண்டுபிடித்து வரைந்திருக்கிறார்கள் என்றார். வைத்தியர்களும் அவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். சிரிக்கிற முகத்தை எழுத வேண்டுமென்றால் சிரிப்பை யார் இழுக்கிறார் என்று தெரிய வேண்டாமா என்று அக்கா கேட்டார். என் விரலைப் பிடித்து என் காதுக்குக் கீழே வைத்து, இங்கேதான் கோளாறு, வேறெங்கேயும் இல்லை என்றார். டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்காவின் குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: செய்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். "செஞ்சு பாத்துட்டாப் போச்சு" என்பது நாளைக்குப் பத்துத் தடவை அந்த வாயில் வரும். இக்காவின் படம் முடிகிற சமயத்தில், தாடைக்குக் கீழே நிழலை நீலமாகத் தீட்டியிருந்தார். யாரோ குத்திவிட்ட மாதிரி இருக்கிறது, நிழல் என்றால் கறுப்புதானே என்று இக்கா சண்டைக்கு வந்தார். அக்கா சண்டை போடவில்லை. கடையிலிருந்து ஒரு அவித்த முட்டையும் வெள்ளைத் தட்டும் கொண்டுவரச் சொன்னார். அந்தி நேரம். தட்டுக்கு ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பழைய மஞ்சள் பல்பு. முட்டைக்கு இரண்டு நிழல் விழுந்தது. பல்பின் நிழல் நல்ல நீலம், ஜன்னலின் நிழல் ஆரஞ்சு. நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம். இக்கா முட்டையை எடுத்துத் தின்றுவிட்டு, நீலமே இருக்கட்டும் என்று இறங்கிப் போனார்.

இந்தச் சந்தேகம் அக்காவுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒருநாள் பிரஷ் கழுவிக்கொண்டே சொன்னார். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய மனிதரை அவர் வீட்டுக்கே போய் எழுதியிருக்கிறார். கண்ணில் கருணை சொட்டுகிறது என்று வீடே மெச்சியது. அக்காவுக்கும் பெருமை. கடைசி நாள் அந்த மனிதரின் மனைவி சாயா கொண்டுவந்து நீட்டும்போது புடவை விலகியது. கையில் மேலும் கீழும் கன்றிப்போன தழும்புகள். அந்த அம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாராம். "அந்தக் கண்ண வாரக்கணக்கா பாத்திருக்கேன். ஒரு மண்ணும் தெரியல எனக்கு" என்றார். சொல்லும்போது கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, உள்ளே இருப்பதை எழுதிவிட்டீர்கள் என்று யாராவது புகழ்ந்தால் அக்காவுக்கு முகம் சுருங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆபீஸில் சுரேஷ் என்று ஒருவர். எனக்கு அவரைப் பிடித்தது, அவருக்கும் என்னைப் பிடித்தது. இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்தான், எர்ணாகுளத்தில் வீடு. சின்ன வயதில் அப்பா போய்விட, வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமுத்திரிகா லட்சணம் தெரிந்தவர் என்று குடும்பத்தில் பேர். பெண்ணோ பிள்ளையோ, யார் போட்டோ வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். நெற்றி, புருவம், மூக்கு, வாய் என்று பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் வேண்டாமென்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சுரேஷ் நல்லவர். நல்லவர் என்பதுதான் தொல்லையே, பெரியப்பாவை மீறி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார். மட்டாஞ்சேரியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னதும் பெரியப்பா, போட்டோ எங்கே என்று கேட்டுவிட்டார்.

அம்மா அதற்கு வழி வைத்திருந்தாள். தோப்பும்படியில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் வாயை நேராக்கித் தருவார்களாம், நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக்கின வாயோடு எவளையோ அனுப்பிவிட்டு, நான் போய் அவள் புருஷனோடு குடித்தனம் பண்ணவா என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். உள்ளபடியே அனுப்பினால் சுரேஷ் கை நழுவிவிடுவார், திருத்தி அனுப்பினால் நான் ஆயுசுக்கும் தலை குனிய வேண்டும்.

அக்காவிடம் போய்க் கொட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெரியவர் முகம் பார்த்துச் சொல்வதெல்லாம் பலிக்கிறதா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். "அப்ப செஞ்சு பாத்துட்டாப் போச்சு" என்றார்.

என் மொபைலில் இருந்த ஒரு போட்டோவின் நடுவில், மூக்கு வழியாக, ஒரு கண்ணாடித் துண்டைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டினார். வலது பாதியும் கண்ணாடிக்குள் தெரிந்த வலது பாதியும் சேர்ந்து ஒரு முழுப் பெண் ஆனாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். திருப்பி நிறுத்தினால் இடதும் இடதும் சேர்ந்து வேறொருத்தி. சிரிப்பே கிடையாது, வாத்தியாரம்மா மாதிரி பார்த்தாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. வாதம் வந்த முகத்தில் இது தூக்கலாகத் தெரியும், ஆனால் இப்படிப் பிரித்தால் யாருமே இரண்டு பேர்தான் என்றார் அக்கா. அந்த இரண்டு பேரையும் எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். எனக்கு ஆபீஸ் விட்டதும் தினமும் அங்கேதான் வேலை. பொய் எதுவும் சொல்லக்கூடாது, இரண்டு படம் இருக்கிறது, லட்சணம் சொல்ல முடியுமா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று சுரேஷுக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேஷ் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால். பெரியப்பா ஒல்லியாக இருந்தார், வெள்ளை வேஷ்டி, மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொன்று. ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிக்கொண்டு படங்களுக்கு முன்னால் நின்றார். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

சிரிக்கிறவளைப் பார்த்ததும் அவர் குரலே குழைந்துவிட்டது. "இவள் வந்தா நம்ம ஆத்துக்கே வெளிச்சம். மகாலக்ஷ்மியாக்கும். மூக்கைப் பாரு, வாயைப் பாரு, எங்கம்மா இருந்தாளே, அதே களை" என்றார். அடுத்தவளிடம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். அழுத்தக்காரி, மனசுக்குள் வைத்துக்கொள்வாள், பெரியவர்களை மதிக்கமாட்டாள், நம் குடும்பத்துக்கு ஒத்துவராது என்றார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் வந்து இரண்டு படத்துக்கும் நடுவில் நின்றேன். அக்கா கண்ணாடியையும் போட்டோவையும் எடுத்து, இப்படியும் அப்படியும் நிறுத்திக் காட்டினார். பெரியப்பா என்னைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. சரி, எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை என்று மெல்ல ஆரம்பித்தார். சுரேஷ் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

அக்கா மட்டும் படத்தின் மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நில்லுங்க ஐயா, தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

விஷயம் என்னவென்றால், எனக்கு வலது பக்கம் மட்டும் மூக்குத்தி. கண்ணாடி காட்டியதைக் காட்டியபடியே அக்கா எழுதியிருந்தார். அதனால் சிரிக்கிறவளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, அடுத்தவளுக்கு மூக்கே மொட்டை. எங்கள் பக்கத்தில் பழைய காலத்துப் பெண்கள்தான் இரு மூக்கும் குத்திக்கொள்வார்கள். பெரியப்பாவின் அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார். இவர் முகத்தைப் படித்தாரா, மூக்குத்தியைப் படித்தாரா என்று இப்போது சொல்ல முடியாது, இந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும் என்று அக்கா அந்த மனிதரிடமே விளக்கிக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தூக்குக்குண்டை எடுத்து எறிந்திருப்பேன். கைக்கு வந்த கல்யாணத்தை இப்படி ஒரு பைத்தியம் கெடுக்குமா?

"என்னக்கா பண்றேள் நீங்க? அவர் சரின்னு சொல்ல வந்தாச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். என் கோபம் அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. "ஏட்டி, இப்ப இடது மூலை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார். உடனே, "எனக்கு அப்படித் தோணிருக்கும். நாளைக்கு இன்னொரு தடவ கோவப்படு, பாப்போம்" என்றார்.

பெரியப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை அவமானப்படுத்தவா கூட்டி வந்தாய் என்று சுரேஷை முறைத்துக்கொண்டிருந்த மனிதர், தன் தப்பைத் தானே சொன்ன அக்காவை இப்போது வேறு மாதிரி பார்த்தார். சாஸ்திரம் பொய் என்கிறாயா என்று கேட்டார். தெரியாது, அதைத்தான் பார்க்கிறேன் என்றார் அக்கா. இது உங்கள் சாஸ்திரம் மட்டுமில்லை, வெளிதேசத்திலும் மூக்கையும் நெற்றியையும் அளந்து குணம் சொன்னார்கள், ஆட்டுத் தலைக்குப் பக்கத்தில் ஆட்டு முக மனுஷனை வரைந்து புத்தகம் போட்டார்கள், வரைந்து கொடுத்தது படம் எழுதுகிற எங்கள் ஆட்கள்தான் என்றார். சதையை அறுத்துப் பார்த்து உண்மை கண்டுபிடித்தவர்களும் அவர்களே, முகத்தைப் பார்த்துத் திருடன் என்று முத்திரை குத்த உதவியவர்களும் அவர்களே. "அந்தப் பாவத்துல எங்களுக்கும் பங்கு இருக்கு ஐயா. அதனாலதான் சும்மா விட மனசு வரல."

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார். சரி, ஒழுங்காகவே செய்வோம், அது முடியட்டும், கல்யாணப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். அன்றைக்கு நான் அக்காவோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பக்கோடா பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து என் வாயைப் பார்த்தார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியப்பா வந்தார். என் முகம் இனி அவருக்கு உதவாது, ஆளைத் தெரிந்துவிட்டது என்பதால், அக்கா தோப்பும்படி ஹார்பர், எர்ணாகுளம் மார்க்கெட் என்று அலைந்து முன்பின் அறியாதவர்களை வரைந்து கொண்டுவந்தார். கரியில் வெறும் முகம், நகை கிடையாது, பொட்டு கிடையாது. பெரியப்பா படித்துச் சொல்வார். பிறகு இருவருமாக அந்த ஆளைத் தெரிந்தவர்களிடம் போய் விசாரிப்பார்கள். வார்டே கும்பிடுகிற ஒரு நர்ஸை அவர் சூதுக்காரி என்றார். அடாவடி என்று சொன்ன ஒரு மீன்காரர் உண்மையிலேயே அடாவடிதான், அந்த வாரம் முழுக்க பெரியப்பா நிமிர்ந்து நடந்தார். ஆனால் பலித்ததும் பலிக்காததும் ஏறக்குறைய சரிபாதியாக வந்துகொண்டே இருந்தது. சுண்டிப் போட்ட காசும் இப்படித்தான் சொல்லும் என்று ஒருநாள் தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு இந்த ஞாயிறுகளில் காப்பி போடும் வேலை. பெரியப்பாவுக்குக் காப்பியை வைத்துக்கொண்டே பேசி ஆறவிடுகிற பழக்கம். நான் விடமாட்டேன். குடித்துவிட்டு ஆராய்ச்சி பண்ணுங்கோ என்று டம்ளரைக் கையில் திணிப்பேன். அவர் என்னைத் திட்டுவார், நான் திருப்பித் திட்டுவேன். பாங்கில் பழைய மேனேஜர்களைக் கேலி செய்து கதை சொல்வார், நான் என் பாதி வாயால் விழுந்து விழுந்து சிரிப்பேன். இத்தனைக்கும் நடுவில் அக்கா என்னை எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பாதியை மடக்கவில்லை, முழு முகம்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு அந்தப் படம் முடிந்தது. அக்கா அதைச் சட்டத்தில் தூக்கி வைத்தார். வலது ஓரம் மேலே, இடது ஓரம் கீழே, நாடிக்குக் கீழே நீல நிழல். மூக்குத்தியை எழுதவில்லை. கடைசியாக இதை ஒருமுறை படித்துச் சொல்லுங்கள் ஐயா, சாஸ்திரப்படி என்ன வருகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள் என்றார். என்னை ஆகாது என்று சாஸ்திரம் சொன்னால் அதையும் இந்த அக்கா கேட்டுக்கொள்வாரே!

பெரியப்பா கண்ணாடியை மாற்றிக்கொண்டார். கிட்டே போனார், தள்ளி வந்தார். நெற்றி என்று ஆரம்பித்தார், நிறுத்தினார். புருவம் என்றார், மறுபடி நிறுத்தினார். பிறகு சுரேஷைப் பார்த்துத் திரும்பினார்.

"இதை எப்படிடா படிக்கறது? இது நம்ம கொழந்தையாச்சே. இந்த வாயைப் பாத்தா, காப்பி ஆறிப்போறதுன்னு கத்தப்போறாள்னுதான் தோண்றது. வேற ஒண்ணும் வரமாட்டேங்கறது எனக்கு."

அக்கா பிரஷைக் கீழே வைத்தார். "போச்சு. இனி நீங்க எந்தச் சோதனைக்கும் லாயக்கில்ல ஐயா. போய் நாள் பாருங்க."

நாசர் இக்கா சாயாத் தட்டோடு படியில் நின்று, எந்தா காரியம், என்ன விசேஷம் என்று கேட்டார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

அந்தப் படம் இன்று எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அக்கா அடுத்த வருஷம் மாடியைக் காலி செய்துவிட்டு மங்களூர்ப் பக்கம் போய்விட்டார், அங்கே யாருடைய மூக்குக்கு நூல் பிடிக்கிறாரோ தெரியாது. மாதம் ஒருமுறை மொபைலில் வருவார். சௌக்கியமா என்று கேட்கமாட்டார். வீடியோவில் என் முகம் வந்ததும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "எங்க, சிரி பாப்போம்" என்பார்.